விசில் டீச்சர் கொண்டுவந்த சட்டம்

விசில் டீச்சரைக் கழுத்தில் விசில் இல்லாமல் பார்த்தவர் அவருடைய கணவர் ஒருவர்தான். அதுவும் தூங்கும்போது மட்டும் என்று அவரே சொல்வார். பழைய ஷூ லேஸில் கோர்த்த விசில் அது. ஒருமுறை வங்கியில் வரிசையை மீறி ஒரு பெரிய மனிதர் உள்ளே நுழைந்தபோது, டீச்சர் யோசிக்காமல் எடுத்து ஊதிவிட்டார். காசாளர் உட்பட அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரிய மனிதர் பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போனார். இன்றைக்கும் அந்த வங்கியில் டீச்சருக்குத் தனி மரியாதை உண்டு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மேல்நிலைப் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியை. பெண்கள் வாலிபால் அணி அவர் கையில். ஆடுகளம் என்று ஒன்று இருந்தது. சிமென்ட் தரை, நடுவில் குறுக்கே ஒரு விரிசல். வலை கட்டும் கம்பங்களில் ஒன்று பழைய பஸ்ஸின் அச்சு. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் கொண்டுவந்து நட்டது. பந்துகள் இருந்த அறையில் ரப்பரும் வியர்வையும் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். பிள்ளைகளின் முழங்கால் பட்டைகளை டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, ஜன்னல் கம்பியில் வரிசையாகக் காயப்போடுவார். கணவரின் சட்டைக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம்.

டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்திலேயே போய்விடும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் போகாது. சாவகாசமாகத் தங்கி, சாப்பிட்டு, மறுநாள்தான் கிளம்பும். இருந்தாலும் அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் யாரும் அவரைவிட்டு மனதளவில் போனதில்லை. அதற்குச் சாட்சி அந்த சைகைகள். ஆட்டத்தின் நடுவே கத்தினால் எதிரணிக்குக் கேட்டுவிடும் என்று டீச்சர் எல்லாவற்றையும் சைகையிலேயே வைத்திருந்தார். மூக்கைச் சொறிந்தால் பந்தை நடுவில் தணிவாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். காது மடலைத் தொட்டால் தலைக்குப் பின்னால் தூக்கிக் கொடுக்க வேண்டும். முதல் பந்து போடும் முன்னால், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் பெண் டீச்சரை ஒரு பார்வை பார்த்தே தீர வேண்டும். ஒருநாள் மருந்துக் கடையில் டீச்சர் சும்மா மூக்கைச் சொறிந்தார். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பழைய மாணவி ஒருத்தி சட்டென்று ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளி. அங்கே மழை வந்தாலும் ஆடக் கூரை போட்ட அரங்கு, மரத்தரை, பளபளக்கும் விளக்குகள். அங்கே பயிற்சியாளராக இருந்தது வேறு யாருமல்ல, டீச்சரின் சொந்தத் தம்பி. சின்ன வயதில் வீட்டுச் சுவரில் பந்தை அடித்து அடித்து அவனுக்கு ஆட்டம் பழக்கியதே அக்காதான். அந்த நன்றிக்கடனை அவன் ஒரே வருஷத்தில் தீர்த்தான். டீச்சரின் நல்ல ஆட்டக்காரிகளில் மூன்று பேர் அடுத்தடுத்து பாலத்தைத் தாண்டி அவனுடைய பள்ளிக்குப் போனார்கள்.

டீச்சர் சும்மா இருப்பாரா. வட்டார விளையாட்டுக் குழுவின் கூட்டத்தில் எழுந்து நின்று பிடிபிடியென்று பிடித்தார். "நாங்க நாத்து நடுவோம், அவங்க வந்து கதிரை அறுத்துட்டுப் போவாங்களா? கூரையையும் விளக்கையும் காட்டிப் பிள்ளைங்களை இழுத்தா, கூரை இல்லாத பள்ளியெல்லாம் என்ன பண்ணும்?" என்றார். அன்றைக்கு உருவானதுதான் அந்தச் சட்டம்: பள்ளி மாறுகிற ஆட்டக்காரி ஒரு வருஷம் போட்டிகளில் இறங்கக் கூடாது. பழைய பள்ளியின் பயிற்சியாளர் சம்மதித்தால் மட்டும் உடனே ஆடலாம். டீச்சர் யாருக்கும் சம்மதம் கொடுத்ததில்லை. தம்பி கொஞ்ச நாள் அக்காவோடு பேசவில்லை. பிறகு, அக்கா கையால் சாப்பிடாமல் இருக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வர ஆரம்பித்தான். சாப்பாட்டு மேஜையில் மட்டும் வாலிபால் பேசக் கூடாது என்று மாமா, அதாவது டீச்சரின் கணவர், ஒரு சட்டம் போட்டார். இந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுண்டெலி வந்து நின்றாள்.

சுண்டெலி என்பது அணியில் எல்லோரும் அவளைக் கூப்பிடும் பெயர். உருவம் அப்படி, ஓட்டமும் அப்படி. பதினொன்றாம் வகுப்பு. அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சுண்டெலியின் விரல்களில் ஏதோ ஒரு மாயம் இருந்தது. எப்பேர்ப்பட்ட கோணல் பந்து வந்தாலும் அவள் கை பட்டதும் சமர்த்தாகிவிடும். ஆனால் போட்டியில் அவள் ஆடியதில்லை, ஏனென்றால் அணிக்கு ஏற்கெனவே ஒரு செட்டர் இருந்தாள். அவள்தான் கேப்டன், உயரமான பெண், அதனால் பட்டப்பெயர் நெட்டை. நெட்டையும் அருமையான ஆட்டக்காரி. ஒரு வலைக்கு ஒரு செட்டர்தானே. சுண்டெலி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்த விரல்களால் இல்லாத பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து, "நீ என்னோட ஸ்டெப்னி" என்பார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். பஸ் மெக்கானிக்கின் மனைவிக்கு ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால் எவ்வளவு பயம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

பந்து அறையில் டீச்சர் பம்ப்பால் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சுண்டெலி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரலாம்னு இருக்கேன். நீங்க சம்மதம் சொன்னீங்கன்னா இந்த வருஷமே ஆடலாம்."

டீச்சர் பம்ப்பை நிறுத்தவில்லை. "யார் தூண்டிவிட்டது? என் தம்பியா?"

"அவர் ஒண்ணும் சொல்லல டீச்சர். அவங்ககிட்ட செட்டர் இல்ல. அதனாலதான் நானே கேக்கறேன்."

"கொஞ்சம் பொறுத்திரு. உனக்கும் ஒரு நேரம் வரும்."

"எப்ப வரும் டீச்சர்? நெட்டையும் என் வகுப்புதானே."

பம்ப் நின்றது. டீச்சர் இதை யோசித்ததே இல்லை. நெட்டை பள்ளியைவிட்டுப் போகும் நாளில்தான் சுண்டெலியும் போவாள். அவள் காத்திருப்பதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. சொல்ல வேண்டிய பதில் டீச்சருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பந்து அறையில் அந்த நேரம் நின்றுகொண்டிருந்தது டீச்சர் இல்லை, டீச்சரின் கோபம்.

"சம்மதமெல்லாம் கிடையாது. போறதுன்னா போ. ஒரு வருஷம் அங்க உட்காரு."

சுண்டெலி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க ஒரு வருஷம் உட்கார்ந்தா அடுத்த வருஷம் ஆடுவேன் டீச்சர். இங்க ரெண்டு வருஷமும் உட்காரணும்."

அவள் போய்விட்டாள். பள்ளி மாறுவதை யாரும் தடுக்க முடியாது. ஆடுவதைத்தான் தடுக்க முடியும்.

அன்று மாலை டீச்சர் வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கணவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "நீ இப்ப யார் மேல கோவமா இருக்க? தம்பி மேலயா, அந்தப் பொண்ணு மேலயா? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி நான் தலையாட்டுவேன்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"எனக்கு எங்க விளையாட்டு? உனக்குத்தான் அதுக்கு சம்பளமே தர்றாங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்துவிட்டார்.

சைகைகளை மாற்றிவிடும்படி நெட்டை சொன்னாள். சுண்டெலிக்குத்தான் எல்லாம் தெரியுமே, அந்தப் பக்கம் சொல்லிவிட மாட்டாளா என்பது அவள் கவலை. "என் பிள்ளை சொல்ல மாட்டா," என்றார் டீச்சர். அவள் இப்போது யாருடைய பிள்ளை என்று நெட்டை கேட்கவில்லை. அவ்வளவு தைரியம் அவளுக்கும் இல்லை.

பருவத்தின் பாதியில் இரண்டு பள்ளிகளும் மோதின. ஆட்டம் தம்பியின் அரங்கில். எதிர்ப் பெஞ்சின் கடைசியில் சுண்டெலி, ஆட்டச் சட்டை போடாமல், சாம்பல் நிற ஜாக்கெட்டோடு தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அந்த முடிவைக் கண்ணிடம் சொல்ல மறந்துவிட்டார். அது அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. சுண்டெலியின் விரல்கள் அங்கேயும் மடியில் இல்லாத பந்தைத் தூக்கிக்கொண்டிருந்தன.

ஆளுக்கு இரண்டு செட் ஜெயித்து, கடைசி செட் நடந்துகொண்டிருந்தது. டீச்சரின் அணி முன்னிலையில் இருந்தது. வலையருகே எகிறி இறங்கிய நெட்டை, யாருடைய காலின் மேலோ காலை வைத்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவர் விசில் அடித்தார். டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். கால் புசுபுசுவென்று வீங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். பயிற்சியில் நெட்டை களைத்துப்போகும்போதெல்லாம் கூப்பிட்ட பல மாதப் பழக்கம் வாய்க்குள் தயாராக நின்றது. டீச்சரின் குரல் அரங்கு முழுக்கக் கேட்டது.

"சுண்டெலி, இறங்கு."

எதிர்ப் பெஞ்சில் சுண்டெலி எழுந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள். விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு கோடு வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

அரங்கு கொல்லென்று சிரித்தது. நடுவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். சுண்டெலிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்து, கழற்றிய ஜாக்கெட்டை மெதுவாக, ஒரு கை, பிறகு இன்னொரு கை என்று மாட்டிக்கொண்டாள். அதைப் பார்க்க டீச்சரால் முடியவில்லை. ஆடத் துடிக்கும் ஒரு பெண் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அங்கே கட்டிப் போட்டிருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கமும் இல்லை, தம்பியும் இல்லை, தான்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வேறு வழியில்லாமல் பந்து அடிக்கிற பெண் ஒருத்தியைத் தூக்கிக் கொடுக்க விட்டார். எதிர்பார்த்தபடியே தோற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஜெயித்தவன் மாதிரி வரவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அக்கா, சத்தியமா நான் அவளைக் கூப்பிடல. அவளே அவங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து நின்னா."

"தெரியும்."

"உன் சைகையெல்லாம் என்னன்னு கேட்டுப் பார்த்தேன். நான் கேட்டது தப்புதான், திட்டாத. வாயே திறக்கல. தெரியாது சார்னு சொல்லிட்டுப் போயிட்டா."

டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சர் பாலத்தைத் தாண்டிப் போனார். மனம் மாறிவிட்டது என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். கால் கட்டோடு நெட்டை வீட்டில் கிடந்தாள். மிச்சப் போட்டிகளுக்கு அணியில் செட்டர் இல்லை. டீச்சர் கணக்கு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி வாசலில் சுண்டெலியைப் பிடித்தார். சின்னப் பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால், சண்டைக்கு வந்தவர் மாதிரி கேட்டார்.

"திரும்பி வந்துடு. உன் பழைய இடம் அப்படியே இருக்கு. நெட்டைக்குக் கால் முடியல. நீதான் செட்டர். பழைய பள்ளிக்கே திரும்பறவளுக்குச் சட்டத்துல தடை கிடையாது, நானே எழுதினது."

சுண்டெலியின் கண்கள் ஒரு நொடி பளிச்சென்றன. பிறகு அவள் பையின் வாரை இழுத்துச் சரி செய்தாள். வெகு மரியாதையாக, டீச்சரைத் துளியும் நோகடிக்காத குரலில் சொன்னாள்.

"நெட்டைக்குக் கால் சரியாயிடும் டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். நெட்டையின் கால் சரியான அன்றே டீச்சர் இந்தப் பெண்ணை மறுபடி பெஞ்சுக்கு அனுப்பியிருப்பார். அது அவருக்கே தெரியாமல் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெப்னி என்ற சொல் அப்போதுதான் அவருக்குத் தைத்தது. பாலத்தின் மேல் நடந்து வரும்போது அழுதார். எதிரே வந்த சைக்கிள்காரர் என்னவோ ஏதோவென்று பிரேக் பிடித்தார். டீச்சர் விசிலை எடுத்து ஊதி, அவரைப் போகச் சொன்னார்.

அடுத்த வட்டாரக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு முழுச் சம்மதம் என்றார். அதோடு உட்காரவில்லை, சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றார். குழுத் தலைவர், ஓய்வு பெற்ற ஓட்டப் பந்தயக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்கதானே டீச்சர் இதைக் கொண்டு வந்தீங்க?"

"ஆமா. கொண்டு வந்தவளே திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

சிறிய பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் விடவில்லை. கதவைத் திறந்துவிட்டால் வசதியுள்ள பள்ளி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார்கள். டீச்சர் முன்பு பேசிய அதே பேச்சு. சில வாக்கியங்கள்கூட அப்படியே அவருடையவை. தன் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. அவருக்கும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"நான் ஆட வைக்கிற பொண்ணை எவனாவது இழுத்துட்டுப் போனா எனக்கு வயிறு எரியும். எரியட்டும், அது நியாயம்," என்றார். "ஆனா நான் ஆடவே விடாத பொண்ணை, நீயும் ஆட விடாதன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? பிள்ளைங்க நம்ம பந்து ரூம்ல இருக்கிற சாமானா, பூட்டி வைக்கிறதுக்கு?"

நெடுநேரம் வாதாடி, கடைசியில் பாதிக் கிணறு தாண்டினார்கள். போட்டியில் இறக்கப்படாத ஆட்டக்காரி பள்ளி மாறினால், யார் சம்மதமும் வேண்டாம், உடனே ஆடலாம். மற்றவர்களுக்குப் பழைய சட்டமே. முழுதாகக் கிடைக்கவில்லை என்று டீச்சருக்கு வருத்தம். முழுதாகக் கிடைக்காததில் ரகசியமாகக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டம் மறுபடி இரண்டு பள்ளிகளுக்கும் இடையே, இந்தமுறை விரிசல் விட்ட சிமென்ட் தரையில். நெட்டைக்குக் கால் சரியாகிவிட்டது. சுண்டெலி சொன்னபடியே. எதிர்ப் பக்கத்தில், தோளைவிட்டு இறங்கும் பெரிய நீலச் சட்டையோடு சுண்டெலி நின்றாள். அவளுக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் போட்டி. அவளுடைய அம்மா கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றிருந்தாள். மகளின் சட்டையை இஸ்திரி போட்டிருந்த விதத்தில், மடிப்பில் கை பட்டால் அறுத்துவிடும் போலிருந்தது.

டீச்சரின் அணிதான் முதல் பந்து போட வேண்டும். விசில் அடிக்க நடுவர் கையைத் தூக்கினார். சுண்டெலி உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சை இழுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், தன் பயிற்சியாளரை விட்டுவிட்டு, வலைக்கு இந்தப் பக்கம் டீச்சரைப் பார்த்தாள். முதல் பந்துக்கு முன்னால் பார்த்தே தீர வேண்டும் என்று டீச்சர்தான் பழக்கியிருந்தார்.

நெட்டையும் அவள் ஆட்களும் நடுவில் குவிந்து நின்றார்கள். சுண்டெலியின் முதுகுப் பக்கத்துக்கு நேரான ஓரம் ஒரு வண்டி போகும் அளவுக்குக் காலியாகக் கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். கை தானாக மேலே போய்க் காது மடலைத் தொட்டது.

பந்து பறந்தது. சுண்டெலி திரும்பிப் பார்க்காமலே தலைக்குப் பின்னால் தூக்கிக் கொடுத்தாள். பின்னால் வந்தவள் எகிறி அடித்த அடியில் பந்து காலி இடத்தில் விழுந்து, சுவர் வரைக்கும் உருண்டது. டீச்சர் கைதட்டினார். தட்டிய பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நெட்டை இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். "டீச்சர், நம்ம டீம் இங்க இருக்கு."

எதிர்ப் பக்கத்திலிருந்து தம்பி கேட்டான். "அக்கா, நீ எந்தப் பக்கம்?"

"காது அரிச்சுது. அதுக்கும் சட்டமா?" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற அம்மாவும் ஏன் என்று தெரியாமலே சிரித்தாள். சுண்டெலி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நேரமில்லை, தன் அணிப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பந்துக்கும் டீச்சர் காத்திருந்தார். அதற்கு அடுத்ததற்கும். அந்த ஆட்டம் முடியும்வரை சுண்டெலி ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அவர் கை காது மடலுக்குப் பக்கத்திலேயே வெகு நேரம் இருந்தது.